பூசையில் வைத்த குறடு

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஒரு நவராத்திரிக் காலம். லண்டன் ஈஸ்ட் ஹாமில், ஹை ஸ்ட்ரீட் நோர்த்தில் இருந்த ஒரு பழைய கட்டடத்தில் நடந்தது இது. கீழே சேலைக்கடை. முதல் மாடியில் தமிழ்ச் சட்டத்தரணி ஒருவரின் அலுவலகம். இரண்டாம் மாடியில் கட்டடத்தின் சொந்தக்காரரான கணக்காளரின் அலுவலகம். நான் அப்போது அலுவலகங்களுக்குக் கணினிக் கேபிள் இழுத்துக் கொடுக்கும் ஒரு சின்னக் கம்பனியில் வேலை செய்தேன். மன்னாரில் பிறந்து வளர்ந்து, எண்பதுகளின் கடைசியில் இங்கே வந்து, பகுதிநேரமாகப் படித்துப் பெற்ற வேலை.

என்னைப் பற்றி ஒன்று சொல்லிவிட வேண்டும். நான் பயந்தாங்கொள்ளி. பஸ் வருமா என்று பயப்படுவேன், வந்துவிட்டால் இது சரியான பஸ்தானா என்று பயப்படுவேன். அப்படிப்பட்ட என்னிடம் என் ஆங்கிலேய முதலாளி இந்தக் கட்டடத்தைக் கொடுத்து, உங்கள் ஆட்களின் இடம்தானே, நீயே திட்டம் போட்டு நீயே முடித்துக்கொடு என்று சொல்லிவிட்டார். நான் தனியாகச் செய்யும் முதலாவது வேலை.

கட்டடக்காரர் யாழ்ப்பாணத்துக்காரர். அண்ணை என்றுதான் கூப்பிட்டேன். முதல் நாளே என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "பிள்ளை, ஏணியில ஏறுவீரோ?" என்று கேட்டார்.

"ஏறுவன் அண்ணை."

"இறங்கவும் தெரியும்தானே?"

நல்ல மனுசர். ஆனால் அந்தக் கேள்வியையும் என் பயங்களின் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அங்கே இருந்தது பழைய முறை. ஒரே ஒரு கறுப்புக் கேபிள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு என்று எல்லாக் கணினிகளையும் கோத்துக்கொண்டு போகும். நடுவில் யாராவது கதிரையை இழுக்க ஓர் இணைப்பு கழன்றால், இரண்டு மாடியிலும் வேலை நின்றுவிடும். எங்கே கழன்றது என்று மேசை மேசையாக நாலு காலில் தவழ்ந்து தேட வேண்டும். புதிய முறையில் ஒவ்வொரு கணினிக்கும் தனித்தனிக் கேபிள். எல்லாம் இரண்டாம் மாடியில் ஒரு சின்ன அறைக்கு வந்து ஒரு பெட்டியில் சேரும். ஒன்று பழுதானாலும் மற்றவை ஓடும். அதே அறையில்தான் சர்வர் இருந்தது. இரண்டு அலுவலகத்தின் கடிதங்களும் கோப்புகளும் அந்த ஒரு சர்வரில்தான்.

திட்டம் போடுவதற்கு மட்டும் பல நாள் எடுத்தேன். அளவு நாடாவோடு ஒவ்வோர் அறையாகத் திரிந்தேன். மின்சாரக் கம்பிக்குப் பக்கத்தில் போகக்கூடாது, ட்யூப் லைட்டுக்கு மேலால் போகக்கூடாது, அதிகம் வளைக்கக்கூடாது, இழுத்துப் பிடிக்கவும் கூடாது. பழைய சுவர்கள் கோட்டைச் சுவர் போலத் தடிப்பு. துளை போட்டால் கீழே சேலைக்கடையின் பட்டுச் சேலைகளில் தூசி கொட்டுமே என்று கனவிலும் கண்டேன். ஒருநாள் படுக்கையில் எழுந்து உட்கார்ந்து, படிக்கட்டு ஓரத்தால் கொண்டுபோனால் என்ன என்று யோசித்தேன். அப்படியே கொண்டுபோனேன். சுவருக்குள் போகும் கேபிள்களை எல்லாம் முதலிலேயே இழுத்து முடித்தாயிற்று. மிஞ்சியது, பழையதைக் கழற்றிவிட்டுப் புதியதற்கு மாறுவது மட்டும்தான்.

அதற்கு எந்த நாள் வசதி என்று அண்ணையைக் கேட்டேன். வருகிற சனி ஞாயிறு சரஸ்வதி பூசை, அலுவலகம் பூட்டு, அதுதான் நல்லது என்றார். எனக்கு வாயெல்லாம் பல். யாரும் குறுக்கே நிற்காத இரண்டு முழு நாள். என் முதலாளியாக இருந்தால் பூசை என்றால் என்ன, அன்று என்னென்ன செய்வீர்கள் என்று துருவித் துருவிக் கேட்டிருப்பார். நான் தமிழ்ப்பெண், எனக்குத் தெரியாததா என்று கேட்காமல் விட்டேன். அண்ணையோ, தமிழ்ப் பிள்ளைக்கு இதையும் போய்ச் சொல்ல வேண்டுமா என்று சொல்லாமல் விட்டார். நான் வேதக்கார, அதாவது கிறிஸ்தவக் குடும்பம் என்பது அவருக்குத் தெரியும். இருந்தாலும் பூசையில் வைத்த பொருளைத் தொடக்கூடாது என்பது ஒரு தமிழ்ப் பிள்ளைக்குத் தெரியாமல் இருக்கும் என்று அவர் நினைக்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் எல்லோரையும் எழுப்பி அனுப்பினேன். சட்டத்தரணி மட்டும் இன்னும் தட்டச்சுச் செய்துகொண்டிருந்தார். தஞ்சம் கேட்ட ஒரு பெடியனின் வாக்குமூலம், அடுத்த கிழமை குரோய்டனில் உள்ள குடிவரவு அலுவலகத்துக்கு அனுப்ப வேண்டியது என்றார். பல நாள் அந்தப் பெடியனோடு இருந்து கேட்டுக் கேட்டு எழுதியது. சர்வரில் சேமித்துவிட்டு, "திங்கள் வந்து பிரிண்ட் எடுக்கிறன்" என்று எழுந்து போனார். நான் பழைய கேபிளைக் கழற்றி, துண்டு துண்டாக வெட்டிக் குப்பைப் பைகளில் கட்டினேன். சர்வருக்கும், அதற்குப் பக்கத்தில் இருந்த அண்ணையின் கணினிக்கும் புதிய கேபிளுக்கு ஏற்ற இணைப்பு அட்டைகளைப் பொருத்தினேன். மிச்சத்தை நாளை பார்க்கலாம் என்று கருவிப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

சனிக்கிழமை காலை படியேறும்போதே சாம்பிராணி வாசம். இரண்டாம் மாடியில் கூட்டம் நடத்தும் அறையில் கும்பம் வைத்து, சரஸ்வதி படத்துக்கு மாலை போட்டு, பூசைக்கு எல்லாம் ஆயத்தமாக இருந்தது. படத்துக்கு முன்னால் கணக்குப் புத்தகங்கள், கல்குலேட்டர்கள், தட்டச்சு யந்திரம். அவற்றுக்கு நடுவே ஒரு வெள்ளித் தட்டில் என் கருவிகள். திருப்புளிகள், கேபிளைச் சோதிக்கும் கருவி, கேபிள் நுனியில் பிளக்கை வைத்து அழுத்தும் குறடு, எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் பூவும். சின்ன அறையில் இருந்த சர்வருக்கும் அண்ணையின் கணினிக்கும்கூடப் பட்டுத்துணி போர்த்தியிருந்தது. என் குறடு அவ்வளவு அழகாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

அண்ணையின் மனைவி சிரித்த முகத்தோடு வந்தார். அவரை நான் அக்கா என்று கூப்பிடுவேன்.

"பிள்ளை, உம்மட சாமானையும் வைச்சிட்டன். நீர் உழைக்கிற சாமான் எல்லே."

எனக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. இந்த நாட்டுக்கு வந்த பிறகு என் வேலையை இப்படி மதித்தவர் யாரும் இல்லை. அதே நேரம் என் இரண்டு நாளில் ஒரு நாள் கண்ணுக்கு முன்னாலேயே கரைந்துகொண்டிருந்தது.

"எப்ப அக்கா எடுக்கலாம்?"

"நாளைக்கு விஜயதசமிப் பூசை முடியத்தான். அதுவரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது."

ஞாயிறு முழுக்க நின்றால் முடித்துவிடலாம் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். அக்கா சுண்டலும் மோதகமும் தந்தார். அவர் சாப்பிடவில்லை. ஒன்பது நாளும் பாலும் பழமும்தான் என்றார். முகம் வாடிக் கிடந்தது. நான் கருவி இல்லாமல் கையால் செய்யக்கூடியதைச் செய்வோம் என்று, கேபிள்களில் எண்களை ஒட்டிக்கொண்டிருந்தேன்.

மத்தியானம் ஆகிற நேரம் சட்டத்தரணி படிகளில் ஓடிவரும் சத்தம் கேட்டது. பின்னால் ஒரு பெண். கோட்டுப் பொத்தான்கள் மாறிப் பூட்டியிருந்தன. வெள்ளிக்கிழமை எழுதி முடித்த அந்த வாக்குமூலத்துக்குரிய பெடியனின் தமக்கை அவர். முந்தின நாள் குடிவரவு அதிகாரிகள் தம்பியைத் தடுத்து வைத்துவிட்டார்கள். அன்று பின்னேரப் பிளேனில் திருப்பி அனுப்பப் போகிறார்கள் என்று சற்று முன்னர்தான் போன் வந்திருக்கிறது. சட்டத்தரணி பொறுப்பான அதிகாரியோடு பேசிவிட்டார். வாக்குமூலமும் டொக்டரின் கடிதமும் நேரத்துக்கு ஃபாக்ஸில் வந்தால் பயணத்தை நிறுத்திவைத்துப் பரிசீலிக்கலாம் என்று அந்த அதிகாரி சொல்லியிருக்கிறார். டொக்டரின் கடிதம் சட்டத்தரணியின் கையில் இருந்தது.

"வாக்குமூலம் சர்வரில கிடக்கு. ஒரு பத்து நிமிசம் போதும், எனக்குப் பிரிண்ட் எடுத்துத் தாரும்" என்றார்.

அந்தக் காலத்துச் சர்வரில் நேரே போய் உட்கார்ந்து ஒரு கடிதத்தைத் திறக்க ஏலாது. அதோடு இணைந்த இன்னொரு கணினியிலிருந்துதான் திறக்கலாம். பழைய கேபிளை நான் வெட்டிக் குப்பையில் போட்டுவிட்டேன். புதியது இன்னும் உயிர் பெறவில்லை. சர்வரையும் அண்ணையின் கணினியையும் சேர்க்க இரண்டு முனையிலும் பிளக் வைத்த ஒரு முழக் கேபிள் போதும். கேபிளும் இருந்தது, பிளக்கும் ஒரு பை நிறைய இருந்தது. பிளக்கை அழுத்தும் குறடு மட்டும் சரஸ்வதிக்கு முன்னால் இருந்தது. திரும்ப எழுதலாமா என்று கேட்டேன். அவன் உள்ளே இருக்கிறான், யாரைக் கேட்டு எழுதுவது என்றார் சட்டத்தரணி.

அண்ணையிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றார்.

"நான் என்னெண்டு சொல்லுறது பிள்ளை. அது அவ பிடிக்கிற விரதம். அவவைத்தான் கேக்கவேணும்."

கேட்பதற்காகப் பூசை அறைக்குள் போனார். கொஞ்ச நேரத்தில் கேட்காமலே திரும்பி வந்தார். நான் கேட்கலாம் என்றால், நான் வேதக்காரி. அவர்களுடைய பூசையைக் குழப்பு என்று நான் எந்த வாயால் சொல்வது? முதலாளியின் வீட்டுக்குப் போன் எடுத்தேன், அடித்துக்கொண்டே இருந்தது. கீழே சேலைக்கடையிலும் பக்கத்துக் கடைகளிலும் அப்படி ஒரு குறட்டை யாரும் கண்டதே இல்லை. நகரத்துக்குள் போய்த் தேடி வாங்கி வருவதற்குள் பிளேன் போய்விடும்.

அலுவலகச் சமையலறையில் வெண்ணெய் பூசும் கத்தி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு சர்வர் அறையில் நிலத்தில் உட்கார்ந்தேன். சர்வரில் போர்த்திய பட்டுத்துணியை யார் எடுப்பது என்று அப்போது யோசிக்கவே இல்லை. எட்டு மெல்லிய கம்பிகளை நிற வரிசைப்படி பிளக்குக்குள் செருகி, மேலே இருக்கும் செப்புப் பற்களைக் கத்தி முனையால் ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தேன். முதல் பிளக் உடைந்தது. இரண்டாவதில் பற்கள் கோணிப்போயின. மூன்றாவதில் கத்தி வழுக்கி என் பெருவிரலைக் கிழித்தது. கதவுக்கு வெளியே படிக்கட்டில் அந்தப் பெண் உட்கார்ந்திருந்தார். அழவில்லை. மடியில் இருந்த கைப்பையின் வாரை ஒரு விரலில் சுற்றுவதும் அவிழ்ப்பதுமாக இருந்தார். நான் நாலாவது பிளக்கை எடுத்தேன்.

அப்போதுதான் அக்கா வந்தார். பூசைக்குத் தண்ணீர் எடுக்க வந்தவர் என் விரலைப் பார்த்துவிட்டார்.

"என்ன பிள்ளை இது? ஏன் கத்தியோட மல்லுக்கட்டுறீர்?"

நான் என்னவோ உளறினேன். அதற்குள் அக்காவின் பார்வை படிக்கட்டில் இருந்த பெண்ணிடம் போய்விட்டது. ஆர் இவ என்று கேட்டார். அந்தப் பெண் எழுந்து நின்று, தானே பதில் சொன்னார்.

"என்ர தம்பியை அனுப்பப் போகினம் அக்கா. அவனுக்கு ஊரில ஒருத்தரும் இல்லை. என்னைவிட ஒருத்தரும் இல்லை."

அக்கா சட்டத்தரணியைப் பார்த்தார், அண்ணையைப் பார்த்தார். அண்ணை தலையைக் குனிந்துகொண்டார். என்ன சாமான் வேணும் என்று அக்கா என்னைக் கேட்டார். குறடு என்றேன்.

அவர் பூசை அறைக்குள் போனதை நான் கதவு இடைவெளியால் பார்த்தேன். படத்துக்கு முன்னால் கைகூப்பி நின்றார். அதிக நேரம் இல்லை. பிறகு குறட்டின் மேல் இருந்த பூவை எடுத்துக் கும்பத்தடியில் வைத்துவிட்டு, குறட்டை இரண்டு கையாலும் தூக்கிவந்து என்னிடம் நீட்டினார்.

"இந்தாரும். கெதியாச் செய்யும்."

சர்வரிலும் கணினியிலும் இருந்த பட்டுத்துணிகளையும் அவரே எடுத்து மடித்தார். அண்ணை சுவிட்சைப் போட்டார். நான் கம்பிகளை வரிசைப்படுத்தினேன். இரண்டு கணினிகளை நேரே இணைப்பதென்றால் ஒரு முனையில் சில கம்பிகள் இடம் மாற வேண்டும். படித்ததுதான், பலமுறை செய்ததுதான். அந்த நேரம் எந்த நிறம் எங்கே போக வேண்டும் என்று மூளை வெறுமையாகிவிட்டது. கண்ணை மூடி, மாதாவே என்று சொல்லிவிட்டுத் திரும்ப எண்ணினேன். குறட்டைப் பிடித்து அழுத்தினேன். சந்தனம் என் உள்ளங்கையில் ஒட்டியது. ஒரு முனையைச் சர்வரிலும் மற்றதைக் கணினியிலும் செருக, பச்சை விளக்கு எரிந்தது. அவ்வளவு சின்ன விளக்கைப் பார்த்து நான் வாய்விட்டு அழுதேன்.

சட்டத்தரணி உட்கார்ந்து வாக்குமூலத்தைத் தேடி எடுத்தார். பிரிண்டர் பக்கம் பக்கமாகத் துப்பியது. ஃபாக்ஸ் மெசினில் இலக்கத்தை அழுத்தினால், லைன் இல்லை. திரும்பவும் லைன் இல்லை. கடைசியில் போகத் தொடங்கியபோது, ஒவ்வொரு தாளும் உள்ளே போகும் வேகத்தைப் பார்த்தால் கையால் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது.

எல்லாப் பக்கமும் போன பிறகு பதிலுக்காகக் காத்திருந்தோம். சட்டத்தரணி தொலைபேசிக்குப் பக்கத்தில். அக்கா அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டுபோய்ப் பூசை அறையில் தனக்குப் பக்கத்தில் இருத்திக்கொண்டார். நானும் அண்ணையும் நடையில் நின்றோம். என் விரலில் சுற்றியிருந்த துணியைப் பார்த்தபடி அண்ணை மெதுவாகச் சொன்னார்.

"அவவின்ர விரதம் ஏன் எண்டு உமக்குத் தெரியாதெல்லே. அவவின்ர தம்பி. ஊரில பிடிச்சுக்கொண்டு போனது, ஒரு சேதியும் இல்லை. இந்தமுறை ஒரு குறையும் இல்லாமல் கடைசிமட்டும் பிடிச்சா அவனைப் பற்றி ஏதும் தெரியவரும் எண்டு நேர்ந்தவ. அதுதான் நான் கேக்காமல் திரும்பினனான்."

நான் அதுவரை பயந்தது, பிளக் உடையுமே, விளக்கு எரியாதே, திங்கள் வேலை முடியாதே என்பதற்கு. அக்கா எதைக் கையில் எடுத்து என்னிடம் தந்தார் என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. வாங்கிய கையில் சந்தனம் காய்ந்துபோய் இருந்தது. கழுவவும் மனம் வரவில்லை.

தொலைபேசி அடித்தது. சட்டத்தரணி எழுந்து நின்றுகொண்டே கேட்டார். இரண்டு முறை நன்றி சொன்னார். பிறகு கதிரையில் தொப்பென்று இருந்து, பூசை அறைப் பக்கம் திரும்பிச் சொன்னார்.

"பிளேனில இருந்து இறக்கிப்போட்டினம். இண்டைக்கு அனுப்பமாட்டினம்."

அந்தப் பெண் அக்காவின் காலில் விழப் போனார். அக்கா பிடித்து நிறுத்தி, முதல்ல சாப்பிடும் என்று சொல்லிச் சுண்டலைக் கையில் கொடுத்தார். நான் குறட்டைத் துடைத்து அக்காவிடம் நீட்டினேன். அவர் அதை வாங்கி, மறுபடி சந்தனம் வைத்து, அதே தட்டில் வைத்தார். அதன் பிறகு அறைக்கதவைச் சாத்திக்கொண்டார். உள்ளே அழுதாரா, கும்பிட்டாரா, எனக்குத் தெரியாது.

ஞாயிறு பூசை முடிந்ததும் என் கருவிகள் என் கைக்கு வந்தன. பொழுதுபட முன்னரே எல்லா மேசைக்கும் இணைப்புக் கொடுத்துவிட்டேன். திங்கள் காலை இரண்டு மாடியும் ஒரு தடங்கலும் இல்லாமல் ஓடின. முதலாளி என்னைப் பாராட்டினார். அதற்குப் பிறகு பெரிய பெரிய கட்டடங்களுக்குத் திட்டம் போட்டிருக்கிறேன். புதிய வழி ஓடுவதை என் கண்ணால் பார்க்காமல் பழைய வழியை நான் எங்கேயும் வெட்டியதில்லை. ஏன் இவ்வளவு கவனம் என்று கூட வேலை செய்பவர்கள் கேலி செய்வார்கள். சிரித்துவிட்டு இருந்துவிடுவேன்.

அந்தப் பெடியனுக்குப் பிறகு இங்கேயே இருக்க அனுமதி கிடைத்தது. இப்போது குடும்பமாக இருக்கிறான். மனோர் பார்க் முருகன் கோயில் தேருக்கு அக்காவோடு போனால், பிள்ளைகளைக் கூட்டிவந்து கதைப்பான். அக்காவின் தம்பியைப் பற்றி மட்டும் இன்றுவரை ஒரு சேதியும் வரவில்லை. அந்தச் சனிக்கிழமையையும் தன் தம்பியையும் சேர்த்து அக்கா ஒருநாளும் பேசியதில்லை. நான்தான் இரண்டையும் சேர்த்துச் சேர்த்துப் பார்த்து மனதுக்குள் குமைந்துகொண்டிருந்தேன். சில வருடங்களுக்குப் பிறகு, அக்காவின் வீட்டில் மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு எடுத்துத் தந்ததை நினைத்து எப்போதாவது கவலைப்பட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேவிட்டேன்.

அக்கா வெட்டுவதை நிறுத்தவில்லை.

"நான் தராமல் விட்டு, பிறகு என்ர தம்பி வந்திருந்தா, ஏன் அக்கா அந்தப் பெடியனுக்குக் குடுக்கேல்லை எண்டு அவன் கேட்டா நான் என்ன சொல்லுறது?"

ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயிலில் முழந்தாளில் நிற்கும்போது, எனக்கென்று எதையும் கேட்பதற்கு முன், நான் ஒருநாளும் கண்டிராத அந்தத் தம்பியின் பெயரைத்தான் இன்றும் முதலில் சொல்கிறேன்.